மறியல் வழக்கில் 46 பேர்: “ஒன்றியத்தைப் பார்த்தால் பெயரை எடுத்துவிடலாம்” என்கிறார்கள். போகலாமா?

ஷிஃப்ட் மாதேஷ்:

வணக்கம். வக்கீல்கள், கோர்ட் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில். நான் ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் தக்காளி போடுகிறார்கள், கொஞ்சம் மாந்தோப்பும் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கல் குவாரியும் கிரஷரும் வந்த பிறகு ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் எல்லாம் பள்ளிக்கூடச் சாலையில்தான் ஓடுகிறது. கிரஷரை மூடு என்று யாரும் சொல்லவில்லை. காலையில் பிள்ளைகள் போகிற ஒரு மணி நேரம் மட்டும் வண்டி விடாதே என்பதுதான் கோரிக்கை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் டிப்பருக்கு ஒதுங்கப் போய் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து கை உடைந்தது. மறுநாள் காலை ஊரே சாலையில் உட்கார்ந்துவிட்டது.

தாசில்தார் வந்தார், பேசினார், நேரக் கட்டுப்பாடு போட ஏற்பாடு செய்கிறேன் என்றார். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். பதினோரு மணிக்கு பஸ் ஓடியது. கைது இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, ஒரு சத்தம்கூட இல்லை.

கொஞ்ச நாள் கழித்துத்தான் எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பதே தெரிந்தது. காவல்துறை இணையதளத்தில் இறக்கிப் பார்த்தேன். 46 பெயர், அதோடு “பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய மற்றும் பலர்”. புகார்தாரர் வி.ஏ.ஓ. பிரிவுகள்: பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதுத் தண்டனைச் சட்டம்) 189(2), 126(2), 296(பி), 132, 351(3), கூடவே 1992ஆம் ஆண்டு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 3(1). அப்பா ஏ-3, அதாவது மூன்றாவது குற்றவாளி. வி.ஏ.ஓ.வின் சட்டையைப் பிடித்துத் தள்ளி, கெட்ட வார்த்தையில் திட்டி, “உன்னை இங்கேயே வெட்டிப் புதைத்துவிடுவேன்” என்றாராம். அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, தரையில் உட்கார்ந்தால் ஒருவர் கை கொடுத்துத் தூக்க வேண்டும். சித்தப்பா ஏ-11. அவர் அன்று ஊரிலேயே இல்லை. தக்காளி லோடோடு சென்னை போய்க்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டிய நேரம் பாஸ்டேக் கணக்கில் இருக்கிறது. பெயர்கள் இருக்கிற வரிசையைப் பார்த்தால் எங்கள் தெரு வாக்காளர் பட்டியல் மாதிரியே இருக்கிறது, அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட முடியவில்லை. டிப்பர் கண்ணாடி உடைந்ததாம். அன்று அந்த இடத்தில் டிப்பரே கிடையாது, முதல் ட்ரிப் வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்கள்.

வி.ஏ.ஓ. நல்ல மனுஷன். வழியில் பார்த்துக் கேட்டதற்கு, “எழுதி வந்ததில் கையெழுத்துப் போட்டேன் தம்பி, என்னை விட்டுடு” என்று நடந்துவிட்டார்.

அதே மாதம் ஆளுங்கட்சிக்காரர்கள் நெடுஞ்சாலையிலேயே மறியல் செய்தார்கள். எங்களை விடக் கூட்டம், எங்களை விட நேரம். கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்சி ஒன்றியச் செயலாளர் (எல்லாரும் “ஒன்றியம்” என்றுதான் சொல்வார்கள்) ஆள் அனுப்பியிருக்கிறார். “வந்து ஒரு தடவை பாருங்க, சார்ஜ் ஷீட்ல உங்க அப்பா, சித்தப்பா பேர் வராது. கிரஷர் மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க” என்கிறார். அப்பா போகலாம் என்கிறார். தம்பிக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், வீட்டில் ஒரு கேஸ் இருந்தால் சிக்கல் வருமோ என்று பயம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஒப்பாததற்குக் காரணம் வீம்பா புத்தியா என்று எனக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

வெத்தலை பாக்கு:

நண்பரே, ஞாயம் பேசினால் ஞாயம் மட்டும்தான் மிஞ்சும். போய்ப் பாருங்கள்.

காவேரிப்பட்டணத்தில் என் மச்சான் மேல் இதே மாதிரி ஒரு கேஸ். வருஷக்கணக்கில் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி, வக்கீல் ஃபீஸ், பஸ், டீ. கடைசியில் ஆளைப் பிடித்தோம், முடிந்தது. பெரிய அளவிலும் இதுதானே நடக்கிறது? எட்டு வழிச் சாலை, குடியுரிமைச் சட்டம், கூடங்குளம், மீத்தேன், நியூட்ரினோ என்று எல்லாப் போராட்டத்துக்கும் போட்டிருந்த 5,570 வழக்குகளை 2021இல் ஒரே அறிவிப்பில் வாபஸ் வாங்கினார்கள். அதற்கு முன்னால் இருந்த ஆட்சி போகிற போக்கில் ஜல்லிக்கட்டு வழக்குகளை வாபஸ் வாங்கியது. எந்தக் கோர்ட்டில் யார் வாதாடி ஜெயித்தார்கள்? அரசியலில் வந்தது அரசியலில்தான் போகும்.

அரூர் வக்கீலம்மா:

மாதேஷ், சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய ஆறு பிரிவில் 189(2), 126(2), 296(பி) மூன்றும் சில்லறை. சட்டவிரோதக் கூட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம், வழிமறித்ததற்கு ஒரு மாதம், ஆபாசமாகப் பேசியதற்கு மூன்று மாதம். இவற்றுக்கு பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 514இன்படி காலாவதிக்கு ஒரு வருஷம். ஆனால் புதுச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள். 132 என்பது பழைய இ.பி.கோ. 353, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவது. இரண்டு வருஷம் வரை தண்டனை, ஜாமீனில் வராத பிரிவு, காலாவதிக்கு மூன்று வருஷம். 351(3) பழைய 506(2), கொலை மிரட்டல், ஏழு வருஷம் வரை போகும். மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலாவதியே கிடையாது. இப்போது புரிகிறதா, உங்கள் அப்பா ஏன் வெட்டிப் புதைப்பேன் என்று சொன்னதாக எழுத வேண்டியிருந்தது என்று? அந்த ஒரு வரியால் வழக்கின் கனம் கூடிவிட்டது. எஃப்.ஐ.ஆர். ஒரு வருஷத்துக்குள் பதிவாகிவிட்டதால் எத்தனை வருஷம் கழித்தும் தூசி தட்டலாம்.

செய்ய வேண்டியது: முதலில் முன்ஜாமீன். ஏ-1 முதல் ஏ-46 வரை ஒரே மனுவில் போகாதீர்கள். வயதானவர்கள், பெண்கள், அன்று ஊரில் இல்லாதவர்கள் என்று பிரித்துப் போடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு போன் செய்தாலும் போதும். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசம்.

அப்புறம், உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528இன் கீழ் ரத்து மனு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சென்னை அமர்வுக்குள் வரும். அமைதியாக உட்கார்ந்து மறியல் செய்ததையே குற்றக் கூட்டம் என்று எழுதிய எஃப்.ஐ.ஆர்.களை 2018 ஜீவானந்தம் தீர்ப்புக்குப் பிறகு உயர் நீதிமன்றம் பல தடவை ரத்து செய்திருக்கிறது. உங்கள் வழக்கில் 132உம் 351(3)உம் இருப்பதால் அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் வி.ஏ.ஓ. புகாரில் 46 பேரில் யார் என்ன செய்தார் என்று தனித்தனியாக இருக்கிறதா, மொத்தமாகக் குவித்திருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாக இருந்தால் நமக்கு வழி உண்டு.

சித்தப்பாவின் பாஸ்டேக் கணக்கை இன்றே வங்கியிலிருந்து எடுங்கள், மண்டி சீட்டையும் சேர்த்து வையுங்கள். எலக்ட்ரானிக் ஆவணத்துக்கு சாட்சியச் சட்டம் 63இன் கீழ் சான்றிதழ் வேண்டும், வெறும் ஸ்க்ரீன்ஷாட் நிற்காது. வேறிடத்தில் இருந்தேன் என்பதை வழக்கமாக விசாரணையில்தான் நிரூபிக்கச் சொல்வார்கள். ஆனால் மறுக்க முடியாத ஆவணமாக இருந்தால் முன்பே எடுபட்டதும் உண்டு.

பாஸ்போர்ட் பற்றி: வழக்கு இருப்பது அப்பாவுக்கு, தம்பிக்கு இல்லை, அவருக்கு ஒரு தடையும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் “நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு” ஆகாது. சார்ஜ் ஷீட்டைக் கோர்ட் ஏற்றுக்கொண்ட பிறகும் கோர்ட் அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க 1993ஆம் ஆண்டு அறிவிக்கை இருக்கிறது. இந்தப் பயத்தை வைத்து யாரும் உங்களிடம் வியாபாரம் பேச வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஏ.பி.பி.:

வக்கீலம்மா சட்டம் சொல்லிவிட்டார். நான் நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன். தேர்வாணையத்தில் பரீட்சை எழுதி உதவி அரசு வழக்கறிஞராக வந்தவன் நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, நடுவில் சேலம் என்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்களிலேயே சர்வீஸ் முடிந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நிற்கிற ஏ.பி.பி. அரசு ஊழியர். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கிற பி.பி. அரசு நியமிக்கிற வக்கீல். கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பட்டியல் தர வேண்டும், ஏழு வருஷமாவது வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் 1996, 2001, 2006, 2011, 2021 என்று ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் அந்த அறைக்கு வெளியே பெயர்ப்பலகை மாறியதைப் பார்க்க சட்டப் படிப்பு தேவையில்லை. வந்தவர்களில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், நேர்மையானவர்களும் இருந்தார்கள். ஆனால் அடுத்த தேர்தல் வரைக்கும்தான் நாற்காலி என்று தெரிந்தவரிடம் எந்த வழக்கில் எவ்வளவு உயிரைக் கொடுத்து வாதாடுவார் என்று நாம் கேட்க முடியாது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ரத்தத்தில் எழுதிய உதாரணம் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2, இலக்கியம்பட்டி. ப்ளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்த நாள். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தைக் கொளுத்தியதில் மூன்று மாணவிகள் செத்தார்கள். பட்டப்பகல், நடுரோடு, பார்த்தவர்கள் ஏராளம். 2001இல் ஆட்சி மாறியது. கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். அரசுத் தரப்பு என்று ஒன்று இருந்தது, அது யார் தரப்பில் இருந்தது என்பதுதான் கேள்வி. இறந்த பெண் ஒருத்தியின் தகப்பனார் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2003இல் வழக்கு சேலத்துக்கு மாறி, தனி அரசு வழக்கறிஞர் போட்டு, முதலிலிருந்து விசாரித்தார்கள். அதே சம்பவம், அதே ஊர்க்காரர்கள். 2007இல் மூன்று பேருக்குத் தூக்கு. பிறகு 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததும், 2018இல் அவர்கள் வெளியே வந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது நடுவில் இருக்கிற 2001 முதல் 2003 வரை. அந்தத் தகப்பனார் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் வழக்கு கிருஷ்ணகிரியிலேயே செத்திருக்கும், காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்ததாகவே இருந்திருக்கும்.

அது அரசுத் தரப்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. கையை நீட்டுவதற்கு வாச்சாத்தி. 1992 ஜூன் 20, அரூர் தாலுகா. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து 269 பேர் போனார்கள். சந்தனக்கட்டை தேடிப் போனதாகக் கணக்கு. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. அதற்கப்புறம் ஜெயிலுக்குப் போனது யார்? அந்த ஊர்க்காரர்கள். பெண்களும் பிள்ளைகளுமாக சேலம் ஜெயிலில் கிடந்தார்கள், சந்தனக் கடத்தல் வழக்கு அவர்கள் மேல். ஊரை அடித்தவனே புகார்தாரன், அடி வாங்கியவன் ஏ-1. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் நின்றதால் உயர் நீதிமன்றம் 1995இல் சி.பி.ஐ.க்குக் கொடுத்தது. 2011 செப்டம்பர் 29 தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மேல்முறையீடு தள்ளுபடியானது 2023 செப்டம்பர் 29. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார் நீதிபதி. முப்பத்தொரு வருஷம்.

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் ஒன்றியம் சொல்வது என்ன என்று தெரியும், மாதேஷ். வழக்குப் போடுகிற கையும் வழக்கை எடுக்கிற கையும் ஒன்றே. 1940இல் அமெரிக்காவில் ராபர்ட் ஜாக்சன் என்ற அட்டர்னி ஜெனரல் அரசு வழக்கறிஞர்கள் கூட்டத்தில் பேசியதை எங்கள் பயிற்சி வகுப்பில் படித்தோம். வழக்கு நடத்த வேண்டிய குற்றத்தைத் தேர்ந்தெடுக்காமல், மாட்டவைக்க வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் அவனுக்கு ஏற்ற பிரிவைத் தேடுவதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய ஆபத்து என்பது அவர் பேச்சின் சாரம். அங்கே பிரிவைத் தீர்மானிப்பது அரசு வழக்கறிஞர். இங்கே போலீஸ். எங்களிடம் காகிதம் வரும்போது எல்லாம் எழுதி முடிந்திருக்கும். அரசு வழக்கறிஞர் கருத்தைக் கேட்டுத்தான் சார்ஜ் ஷீட் போட வேண்டும் என்று போலீசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், சரளா எதிர் வேலு. போலீஸ் சுதந்திரத்துக்காகச் சொன்னது. போலீசுக்கு போன் யார் போடுகிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பில் இல்லை.

என் காலத்தில் 294(பி), 323, 506(2) (ஆபாசப் பேச்சு, அடித்தது, கொலை மிரட்டல்) மூன்றும் ஒன்றாகத்தான் வரும். ஒரு தடவை ஸ்டேஷன் ரைட்டரிடம் “எல்லா ஊரிலும் எல்லாரும் ஒரே கெட்ட வார்த்தையா பேசுவாங்க?” என்று கேட்டேன். “சார், ஃபார்மட் அப்படி” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை.

வெத்தலை பாக்கு சொன்ன 5,570க்கு வருகிறேன். அந்த வாபசை நான் குறை சொல்லவில்லை. எட்டு வழிச் சாலைக்கு நிலம் போகிறதே என்று அழுத அரூர்ப் பக்கத்து விவசாயிக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வாபஸ் உத்தரவில் “இது பொய் வழக்கு” என்று ஒரு வரி இருந்ததா? எழுதிய அதிகாரியைக் கூப்பிட்டு யாராவது கேட்டார்களா? இல்லை. அடுத்த போராட்டத்துக்கும் அதே ஃபார்மட்.

சட்டப்படி வாபஸ் என்பது பழைய நடைமுறைச் சட்டத்தில் 321, இப்போது 360. கேட்க வேண்டியது வழக்கு நடத்துகிற அரசு வழக்கறிஞர், அதுவும் தன் சொந்த யோசனையில். அனுமதிக்க வேண்டியது கோர்ட். கேரள சட்டமன்றத்தில் 2015இல் மைக், நாற்காலி உடைத்த வழக்கை அந்த மாநில அரசு வாபஸ் வாங்கப் பார்த்தபோது 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடுத்த மாதமே, எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கவே கூடாது என்று இன்னொரு உத்தரவு. எங்கேயும் ஒன்றியச் செயலாளர் என்று ஒரு பதவி இல்லை.

அதனால் அவர் உங்களுக்குத் தருவது என்ன? சார்ஜ் ஷீட்டில் பெயர் வராமல் ஸ்டேஷனில் சொல்வார். சொல்லலாம், நடக்கவும் நடக்கலாம். ஆனால் அப்பா பெயர் வராவிட்டாலும் எஃப்.ஐ.ஆர். உயிரோடு இருக்கும், மேல்விசாரணை என்று நாளைக்குத் திரும்பச் சேர்க்கலாம். மூக்கணாங்கயிறை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கயிறு மூக்கில் இருக்கிறது என்று மாட்டுக்குத் தெரிந்தால் போதும். ஊராட்சித் தேர்தலில், பாதை தகராறில், கிரஷர் இன்னும் ஐம்பது ஏக்கர் கேட்கும்போது, ஒவ்வொரு தடவையும் ஒன்றியத்தைப் பார்க்க வேண்டிவரும். மீதி 44 பேர் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

போகாதீர்கள்.

ஆத்தூரான்:

சார் மாநில போலீசை மட்டும் சொல்லிவிட்டார். டெல்லிக் கை இன்னும் நீளம். எங்கள் ஆத்தூர்ப் பக்கம் இரண்டு விவசாயிகள், அண்ணன் தம்பி. காட்டெருமை செத்ததற்கு வனத்துறை போட்ட வழக்கில் 2021இல் விடுதலை ஆகிவிட்டார்கள். அந்த முடிந்துபோன வழக்கை வைத்து 2023இல் அமலாக்கத் துறை சம்மன், கவரின் மேல் சாதிப் பெயரோடு. பணச்சலவையாம். பேங்கில் அவர்களுக்கு இருந்தது சில நூறு ரூபாய். நிலத்தகராறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, எதிர்த்தரப்பு ஒரு கட்சிக்காரர் என்று அவர்கள் சொன்னார்கள். விஷயம் பேப்பரில் நாறியதும் மூடிவிட்டார்கள். அரசியல்வாதிகள் மேல் பத்து வருஷத்தில் 193 அமலாக்க வழக்கு, தண்டனை 2 என்று 2025இல் மாநிலங்களவையில் அரசாங்கமே சொன்னது. அந்த 193 வழக்கில் சிக்கியவர்களுக்காவது வக்கீல் வைக்க வசதி இருக்கும்.

வெத்தலை பாக்கு:

ஏ.பி.பி. சார் சொல்வது எல்லாம் சரிங்க. நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். 46 பேர். வக்கீல் ஃபீசுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணுவீர்கள். முதல் இரண்டு வாய்தாவுக்குக் கூட்டமாக வருவார்கள். அப்புறம்? தக்காளி விலை விழுந்த மாசம் எத்தனை பேர் வருவான்? ஒருத்தன் வராவிட்டால் பிடிவாரண்ட். அதற்குப் பயந்து முதலில் ஒன்றியத்தைப் பார்க்கப் போகிறவன் தப்பித்துக்கொள்வான், கடைசி வரைக்கும் நின்றவன் மாட்டுவான். என் மச்சான் அப்படி நின்று பார்த்தவன்தான்.

ஓய்வுபெற்ற ஏ.பி.பி.:

இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் நீங்கள் சொல்வது நிஜம். ஆள் எண்ணிக்கையே ஆயுதம்தான். போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கிய வழக்கில் பணம் கொடுத்து ஏமாந்தவர்களையும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் குற்றவாளிகளாக நிறுத்தியபோது, இந்த விசாரணை எந்தக் காலத்தில் முடியும் என்று உச்ச நீதிமன்றமே 2025இல் கேட்டது. அங்கே ஆளைக் குவித்தால் பெரிய ஆளுக்கு லாபம். இங்கே ஆளைக் குவித்தால் சின்ன ஆட்கள் களைத்துப்போவார்கள். வித்தை ஒன்றுதான்.

செய்யக்கூடியது, எல்லாரும் எல்லா வாய்தாவுக்கும் வரத் தேவையில்லை. நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடலாம். வயதானவர்களுக்கும் கூலிக்குப் போகிறவர்களுக்கும் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். சார்ஜ் ஷீட் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் விடுவிப்பு மனு (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) போட வேண்டும், புதுச் சட்டத்தில் 262. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். வக்கீலம்மா சொன்ன அந்தக் கொலை மிரட்டல் வரி இருக்கிறதே, அதுவும் சொத்துச் சேதப் பிரிவும் இருப்பதால்தான் இது வாரண்ட் வழக்கு (இரண்டு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள வழக்கு) ஆனது, அதனால்தான் விடுவிப்பு மனு போடவும் முடிகிறது. அவர்கள் கூட்டிப் போட்டதில் நமக்கு ஒரு கதவு.

பொய் வழக்குப் போட்டவன் மேல் என்ன செய்யலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். முகாந்திரமில்லாத வழக்குக்கு மாஜிஸ்ட்ரேட்டே இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், 273. தொகை டீச் செலவுக்குக் காணும். தவறாக வழக்குத் தொடுக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் சொன்னது. அறிக்கை இருக்கிறது, சட்டம் இல்லை. அதிகாரி மேல் வழக்குப் போக அரசு முன்அனுமதி வேண்டும். இப்போது 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம் என்று சேர்த்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் புதுசு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு இந்தப் பக்கம் போகமாட்டேன். முதலில் உங்கள் வழக்கிலிருந்து வெளியே வாருங்கள்.

ஷிஃப்ட் மாதேஷ்:

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாச்சாத்தி வரும்போது நிறுத்தச் சொன்னார். அவர் சின்ன வயசில் அரூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவர், அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரியும். “அவங்களே முப்பது வருஷம் நின்னாங்க” என்றார். அப்புறம் ஒன்றியத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

பாஸ்டேக் கணக்கு எடுத்துவிட்டேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆறு குடும்பம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேர் ஒன்றியம் வீட்டுக்குப் போய் வந்துவிட்டார்கள், அதுவும் உண்மை. அவர்களோடு சண்டை வேண்டாம் என்று ஊரில் பேசியாகிவிட்டது.

இப்போது புதுசாக ஒன்று. அப்பாவுக்கு பி.என்.எஸ்.எஸ். 35(3)இன் கீழ் நோட்டீஸ் வந்திருக்கிறது, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி. கொண்டுவந்த ஏட்டு, “வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க, அவ்வளவுதான்” என்றார். எதில் கையெழுத்து என்று கேட்டால் “ஸ்டேட்மெண்ட்” என்கிறார். போடலாமா? போகாமல் இருந்தால் என்ன ஆகும்?

அரூர் வக்கீலம்மா:

கண்டிப்பாகப் போங்கள். நோட்டீசுக்கு ஆஜராகி ஒத்துழைத்தால் கைது செய்யத் தனிக் காரணம் எழுத வேண்டும். போகாவிட்டால் அதுவே காரணம் ஆகிவிடும்.

கையெழுத்து வேண்டாம். விசாரணையில் போலீசிடம் சொல்கிற வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்து இருக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது, பழைய 162, இப்போது 181. வெற்றுத்தாள், டைப் அடித்து வைத்த தாள், “கிரஷர் மேல் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்கிற தாள், எதிலும் வேண்டாம். வந்து போனதற்கான பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் அதில் மட்டும், தேதியும் நேரமும் தன் கையால் எழுதிப் போடட்டும்.

அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தால் சாட்சியாகக் கூப்பிடும்போது ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் முட்டி வலிக்கான மருத்துவச் சீட்டைக் கொண்டுபோய் நாற்காலி கேளுங்கள். கூட ஒரு வக்கீலை அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் ஆணைக்குழுவிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

நோட்டீசைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ஸ்டேஷன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தரமாட்டேன் என்றால் வெளியே வந்து அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் “இன்ன நேரத்தில் ஆஜரானேன்” என்று ஆய்வாளருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு கடிதம். மழை நாள், கவரைப் பிளாஸ்டிக்கில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஷிஃப்ட் மாதேஷ்:

சரிங்க மேடம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். ஆணைக்குழு வக்கீல் நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். என்ன நடந்தது என்று வந்து எழுதுகிறேன்.